போகிக்கு முன், மூலைப் பட்டறைக்காரர்களுக்கு

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டேப்ரெக்கார்டர் என்று பிரித்துப் போட்டிருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், எண்ணிக்கையில் குறைவென்றாலும் என்னைப் போல ஈயம் பிடிக்கும் அக்கா தங்கைகளுக்கும்,



மார்கழி முடியப்போகிறது. தெருமுனையில் போகி மேளம் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் சில நாளில் உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழும். "இந்த வருஷமாவது இந்தக் குப்பைய எடுக்கிறியா, இல்ல நானே கொளுத்தட்டுமா?" நீங்கள் சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும். "எல்லாம் வேலைக்கு ஆகிற சாமான்." வருஷா வருஷம் இரண்டு பக்கமும் இதே வசனம்தான். இந்த மடல் இரண்டாவது வசனத்தைப் பற்றியது. அந்தச் சாமான் உண்மையிலேயே வேலைக்கு ஆகுமா என்று நம்மில் எத்தனை பேர் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறோம்?

அதற்கு முன்னால் ஒன்று. கொளுத்துகிற பேச்சே வேண்டாம், யார் பக்கத்திலிருந்தும். பழைய ஒயரைப் போகி நெருப்பில் போட்டுச் செம்பை மட்டும் பொறுக்கி எடுக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. ஒயரின் மேலுறை பி.வி.சி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கூடவே டயாக்சின்களும் உண்டாகும். உள்ளே இருக்கிற செம்பே அந்த வினையைத் தூண்டிவிடும். இவ்வளவு நஞ்சையும் தெருவுக்குக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகிற கருகிய செம்புக்குக் காயலான் கடையில் தோலுரித்த செம்பின் விலைகூடக் கிடைக்காது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பியது நினைவிருக்கும். விமானம் திரும்பிப் போய்விடும். எண்ணூர் வரைக்கும் இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் எங்கே திரும்பிப் போவது? ஏற்கெனவே நம் மூச்சில் வேண்டிய அளவு கலந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "மேசையே இல்லாத பொம்பள மேசையப் பத்திப் பேசுது" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் என் மேசையைக் காட்டிவிடுகிறேன். மூன்றடிக்கு இரண்டடி. துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த அப்பா போட்டது. மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். இப்போது அதன்மேல் ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ அடித்தட்டு கழன்று குப்புறக் கிடக்கிறது. தீப்பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி அப்பா செய்த இழுப்பறைகளில் ரெசிஸ்டர். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் நிறக்கோடுகளைப் பேனாவால் போட்டு வைத்திருப்பார். பவுடர் டப்பாவில் ஃப்யூஸ். ஓட்டை விழுந்த இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக அந்த ரேடியோவின் ஸ்குரூக்கள், கழற்றின வரிசையிலேயே. எந்தக் குழியில் எது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. அவர்கள் சொல்வதிலும் முழுத் தப்பு இல்லை, ஏனென்றால் அந்த மேசைக்குக் கீழே மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது.

வேலை நடக்கிற மேசை கலைந்துதான் இருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கேள்வி மேசைக்குக் கீழே இருக்கிறதைப் பற்றி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறதைப் பற்றி, பரணில் சாக்கு கட்டிப் போட்டிருக்கிறதைப் பற்றி. அதற்கெல்லாம் நம்மவர்கள் சொல்லும் சாக்குகள் கொஞ்ச நஞ்சமல்ல. படித்த தம்பிகள் உடனே அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கை இழுத்துக்கொண்டு வருவார்கள். 1928-இல் அவர் விடுமுறை முடிந்து வந்தபோது, கழுவாமல் போட்டிருந்த தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது, அதிலிருந்துதான் பெனிசிலின் கிடைத்தது, ஆகையால் மேசையைச் சுத்தம் பண்ணாதே. தம்பி, அந்தத் தட்டு இருந்தது லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில். அங்கே யாரும் சாயங்காலம் பாய் விரித்துப் படுக்க இடம் தேடவில்லை.

இதைவிட நல்ல சாட்சி கோட்டையூர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்ட காகிதத்தையெல்லாம் வீடு நிறையச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. அதைக் கொண்டு சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு இன்று உலகம் முழுக்க இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று நமக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் சேர்த்தவை வேறெங்கும் கிடைக்காதவை. என்ன சேர்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் அட்டைப் பெட்டியில் இருப்பது ரிச்சி தெருவில் இன்று காலைகூடக் கிலோக்கணக்கில் கொட்டி விற்ற கன்டென்சர். இன்னொன்று, கோட்டையூர் கடற்கரையில் இல்லை.

நம் தெருக்களிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அலை உடைகிறபோது தெறிக்கிற நுண்துளி காற்றிலேயே காய்ந்து உப்புத் துகளாகி வீட்டுக்குள் வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பியை மட்டும் பார்த்தால் போதும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்காத கம்பி எந்தத் தெருவில் உருப்படியாக இருக்கிறது? உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். மழை நாளில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது அதனால்தான். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் அந்த அளவுக்கு மேலேதான். ஆக, நீங்கள் மூடி வைத்த அட்டைப் பெட்டிக்குள் ஒவ்வொரு சாமான் மேலும் தினமும் ராத்திரி ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிறது, பகலில் காய்கிறது. காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும், மறுநாள் ராத்திரிக்காக.

அந்தப் படலம் என்னவெல்லாம் செய்யும்? டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகளைத் துருப்பிடிக்கச் செய்து ஊத வைக்கும். காயில் கம்பியின் எனாமலில் எங்கேயாவது ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தால் அங்கே புகுந்து பச்சைப் பொட்டு வைக்கும். பிறகு அந்த இடத்திலேயே கம்பி அறுந்துபோகும். மெக்கானிக்குகள் "காயில் ஓப்பன்" என்று கையை விரிப்பார்களே, பல நேரம் இதுதான். டிரான்சிஸ்டர் கால்கள் கறுத்து ஈயம் ஒட்டாமல் போகும். பேண்ட் சுவிட்சின் வெள்ளிப் பூச்சைக் கறுப்பாக்குவது மட்டும் உப்பின் வேலை இல்லை, அது காற்றிலுள்ள கந்தகம். அதற்கும் நம் பக்கத்தில் குறைச்சல் கிடையாது, மணலியிலிருந்து வருகிற காற்றைக் கேளுங்கள். இது போதாதென்று, உயர் நீதிமன்றம் சொல்லி 2011-இல் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும்வரைக்கும் ராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிந்ததை நம் அம்மாக்கள் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தார்கள். அந்தத் தூள் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரத்தைக் கசியவிடும். அந்தக் காலத்துப் பெட்டி யாரிடமாவது பிரிக்காமல் இருந்தால் மூக்கை மூடிக்கொண்டு திறக்கவும்.

உப்பு தொடாதது தானாகவே கெடும். எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் சும்மா கிடந்தாலே உள்ளே காய்ந்துவிடும், அல்லது கசியும். டேப்ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் ஒரு நாள் கறுப்புப் பிசினாகி விரலில் ஒட்டும். அந்தக் கறை மூன்று நாள் போகாது. எடுக்க மறந்த அல்கலைன் செல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கக்கி, ஸ்பிரிங்கையும் போர்டையும் சேர்த்துத் தின்னும்.

ஆகையால் போகிக்கு முன்னால் உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு காரியம். எந்தப் பெட்டியைக் காட்டி "வேலைக்கு ஆகும்" என்கிறீர்களோ, அதில் கண்ணை மூடிக்கொண்டு பத்து உருப்படி எடுங்கள். மீட்டர் வையுங்கள். எத்தனை தேறுகிறதென்று வீட்டார் முன்னாலேயே எண்ணுங்கள். பாதிக்கு மேல் தேறினால் பெட்டி இருக்கட்டும், நீங்கள் சொன்னது சரி. தேறவில்லையென்றால் நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது சாமானை இல்லை, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற துருவை. ஐந்து வருஷமாகத் திறக்காத பெட்டியில் என்ன கணக்கு வரும் என்று நான் இப்போதே சொல்லிவிடலாம். நீங்களே பாருங்கள்.

"அப்போ தேவைப்படும்போது எங்கே போறது?" ஏன், ரிச்சி தெருவுக்கு. ராயபுரம் ஸ்டேஷனில் ஏறி பீச்சில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் சிந்தாதிரிப்பேட்டை. மெட்ரோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து அரசினர் தோட்டம். இந்தியாவிலேயே இந்த வசதி எத்தனை ஊருக்கு இருக்கிறது? பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்களுக்காக 1969-இல் உண்டான பர்மா பஜார் பீச் ஸ்டேஷன் எதிரிலேயே நீண்டு கிடக்கிறது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனாலும் அதன் கடைகள் சென்ட்ரல் பக்கத்துக் கட்டடத்தில் இன்னமும் பழைய சாமான் விற்கின்றன. இவ்வளவு பெரிய கிடங்கை ஊரே நமக்காக, வாடகை வாங்காமல் நடத்துகிறது. அங்கே சரக்கு புரண்டுகொண்டே இருப்பதால் பழசாகவும் நேரமில்லை. நாம் என்னடாவென்றால் அதில் ஒரு கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து உப்பில் ஊறப்போட்டுவிட்டு, தேவைப்படும்போது எந்தப் பெட்டி என்று தெரியாமல், மறுபடியும் அதே தெருவுக்குப் போய் அதையே வாங்குகிறோம்.

கைக்குக் கிடைப்பதைக் கொண்டு செய்வதிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஹாம் ரேடியோக்காரர்களுக்கு ஐதராபாத் அஷர் ஃபர்ஹானைத் தெரியும். அவர் வடிவமைத்த பிட்எக்ஸ் என்கிற சிற்றலைக் கருவி உலகமெங்கும் வீட்டு மேசைகளில் உருவானதற்குக் காரணம், அதில் கிடைக்காத சாமான் ஒன்றும் இல்லை என்பதுதான். காயில் சுற்ற உள்ளகம் கிடைக்கவில்லையா, தண்ணீர்க் குழாய் வாஷரின் மேல் சுற்று என்றார். பக்கத்துக் கடையில் என்ன உண்டோ அதிலிருந்து கருவியை யோசித்தார். வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறது, அதிலிருந்து எதையாவது செய்யலாம் என்கிற நினைப்பில் பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறவர்கள் நம்மில் அதிகம். மூட்டை பெரிதாகப் பெரிதாக மேசையில் வேலை குறைகிறது என்பது என் அனுபவம்.

எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் பெல் நிறுவனம் 1960களில் செய்ய ஆரம்பித்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், ஏசி 128 வகையறா, இனி யாரும் இங்கே செய்யப் போவதில்லை. பெல் வால்வுகளும் அப்படியே. ரேடியோவின் கண்ணாடி டயல், அதில் ஊர் பெயர்கள் அச்சிட்டிருக்கும், ஒரு தடவை உடைந்தால் போச்சு. குமிழ்கள், ஐ.எஃப். காயில்கள், மடித்து மடித்துக் கிழிந்த சர்க்யூட் தாள்கள். இவற்றையெல்லாம் வையுங்கள், ஆனால் வைக்கிற மாதிரி வையுங்கள். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும், அது கூடாது. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல். ஜெல் நிறம் மாறினால் வறுத்தெடுத்துத் திரும்பப் போடலாம், அடுக்களை வாணலியில் வேண்டாம்; நீல ஜெல்லில் இருக்கிற கோபால்ட் வயிற்றுக்கு ஆகாது. ஒரு வாணலியை அதற்கென்றே ஒதுக்குங்கள். சர்க்யூட் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் மூன்று பெட்டிகளில் இந்தக் கணக்குப்படி தேறியது ஒரு டப்பா. அதற்கு மேசையின் மேலேயே இடம் இருந்தது.

இனி வீட்டார் விஷயம். இதில் நம்மவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நம் வீடுகள் பெரும்பாலும் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுக்களை. சில தெருக்களில் இன்னமும் ஒண்டிக் குடித்தனம். அந்த அளவான இடத்தில் ஒரு மூலையை நம் பொழுதுபோக்குக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், பிள்ளை படிக்க வேண்டிய இடம் அது, மாமியார் மத்தியானம் காலை நீட்ட வேண்டிய இடம் அது. விட்டுக் கொடுத்தவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுப்பது என்ன? ஈயப் புகை. போர்டு அரிக்க ஃபெர்ரிக் குளோரைடை எவர்சில்வர் கிண்ணத்தில் கரைத்து, அந்தக் கிண்ணத்தின் அடியில் குழி விழுந்ததும் ஒன்றும் தெரியாத மாதிரி அடுக்களையில் கவிழ்த்து வைத்த ஒரு மகானை எனக்குத் தெரியும். எவர்சில்வரையே தின்னும் அது, பிளாஸ்டிக் டப்பாவில்தான் கரைக்க வேண்டும். மீதியைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது, செம்பு கரைந்திருக்கிறது.

ஈயத்தைப் பற்றி இன்னொன்று. நாம் வாங்குகிற 60/40 கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். புகையில்தான் காரீயம் போகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டு ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சால்டரிங் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகச் சொற்பம். அந்தப் புகை பிளக்ஸினுடையது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவே போதும் என்பது வேறு. காரீயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. ஈயம் பிடித்த கையோடு முறுக்கு தின்பது, அதே கையால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு அது, இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அந்த மூலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கீழே சிந்திய ஈயப் பொட்டுகளை ஈரத் துணியால் துடையுங்கள்; விளக்குமாறு தூசியைக் கிளப்பிவிடும்.

வால்வு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு: ஏசி/டிசி செட்டுகளில் இரும்புச் சட்டமே நேராக மெயின்ஸில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க லைன். நமக்குத் தெரியும், கூடத்தில் தவழ்கிற குழந்தைக்குத் தெரியாது. திறந்த செட்டைப் பிளக்கோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கன்டென்சரில் சார்ஜ் நிற்கும்.

மொட்டை மாடி வேறு ஒரு வழக்கு. லைசென்ஸ் எடுத்த ஹாம் அண்ணன்மார் 40 மீட்டர் பேண்டுக்கு 66 அடி ஒயர் கட்டுவீர்கள். அந்த 66 அடியில்தான் நாலு குடித்தனத்தின் துணி காய வேண்டும். கேட்டுவிட்டுக் கட்டினால் இடம் கொடுப்பார்கள், ஆண்டெனாவுக்குக் கீழே கொடிக்கயிறு இரண்டு அடி இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். கேட்காமல் கட்டியதில் எந்தத் தெருவில் என்ன ஆயிற்று என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் என் வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. மேசையின் ஓரம்தான் எல்லை. அதற்கு வெளியே ஒரு ஸ்குரூகூட என்னுடையது கிடக்கக் கூடாது, கிடந்தால் யாரும் எடுத்துப் போடலாம், நான் வாய் திறக்க மாட்டேன். பதிலுக்கு, எல்லைக்கு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது, தூசி தட்டுகிறேன் என்று இட்லித் தட்டைக் கவிழ்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் மதிக்கிறோம். "ஒழுங்கா வச்சுக்கோ" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, ஒழுங்கு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஓரம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும்.

தரையில் எதையும் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாத தெருக்களை எண்ணிவிடலாம். எண்ணூர்ப் பக்கம் அதில் எண்ணெயும் கலந்து வந்தது. அரிசியை மேலே ஏற்றுவதா, ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவதா என்று அந்த ராத்திரியில் யோசிக்கிற நிலைமை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

ஒரு சிலருக்கு மட்டும் தனியாக. சாமானைக் கொடுக்க நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, படுக்கக் கட்டிலில் இடமில்லை, அடுப்பைச் சுற்றிலும் மூட்டை, அப்படியும் நிறுத்த முடியவில்லை என்றால் அது சோம்பலும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. மருத்துவர்கள் அதை 2013 முதல் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். திட்டினால் தீராது, கொளுத்தினால் இன்னும் மோசமாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் இது.

கடைசியாக நான் வந்த காரியம். நம் பேட்டையில் கேரம் ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு போர்டை வாங்கி வீட்டுக் கூடத்தில் போட்டு மல்லுக்கட்டவில்லை. தெருவுக்குத் தெரு மன்றம் வைத்தார்கள், ஒரு கொட்டகை, இரண்டு போர்டு, மேலே ஒரு பல்பு. 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் முதல், 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்த புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா வரை, அந்த மன்றங்கள் தழைத்த ஊரிலிருந்து வந்தவர்கள். ரேடியோவுக்கும் இந்த ஊரில் அப்படியொரு முன்வரலாறு உண்டு. கிருஷ்ணசாமி செட்டியும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் 1924-இல் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அந்த ஜூலை 31 அன்று ஒலிபரப்பே நடத்திவிட்டார்கள், வெறும் 40 வாட் கருவியில். கையில் காசு தீர்ந்து 1927-இல் மூட வேண்டி வந்தபோது கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930-இலிருந்து அதை நடத்தியது. அகில இந்திய வானொலி இங்கே வந்ததே 1938-இல்தான். அவரவர் வீட்டு மூலையில் அவரவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

நமக்கு இப்போதைக்குக் கிளப்பெல்லாம் வேண்டாம், வாடகைக்கு எங்கே போவது. ஆனால் ஒரு தெருவில் எட்டுப் பேரிடம் எட்டு சிக்னல் ஜெனரேட்டர் எதற்கு? ஒன்று போதும், யாரிடம் இருக்கிறதென்று மற்ற ஏழு பேருக்கும் தெரிந்தால். எனக்கு வேண்டாத கேங் கன்டென்சருக்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு தம்பி மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கலாம்.

ஆகையால் போகிக்கு முந்தின ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மேல், எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். கீழ்வீட்டு அம்மாவிடமும் மற்ற குடித்தனங்களிடமும் சொல்லியாயிற்று, அன்று துணி காயப்போட மாட்டார்கள். மீட்டர் வைத்துத் தேறினதை மட்டும் கொண்டு வாருங்கள், தேறாததை அன்று வருகிற காயலான்கடைக்காரர் தலையில் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். போர்டு, செல், டியூப் லைட் இவற்றையெல்லாம் அவரும் எடுக்கக் கூடாது. அவற்றைத் தனியாகப் பை கட்டி வைத்தால், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கு மொத்தமாகச் சேர்க்க ஏற்பாடு செய்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், விலை பேசக் கூடாது. டிரான்ஸ்பார்மர் கொண்டு வருகிறவர்கள் யாரும் எடுக்காவிட்டால் திரும்பத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆளையும் கூட்டி வரவும், எங்கள் படிக்கட்டு குறுகல். ஏசி 128 என்னிடம் கேட்க வேண்டாம். அதைத் தவிர மற்றது எதுவானாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
கல்மண்டபம் பக்கத்துச் சந்திலிருந்து, உங்களில் ஒருத்தி